சாளரமற்ற அறையும் நமது பயண இலக்கியமும்

தமிழில் பயண இலக்கியம் இன்று பெருகி வருகின்றது. நூலாக வெளிவருவன சில. வார இதழ்களிலும் ஞாயிறு மலர்களிலும் கட்டுரைகளாக வெளிவருவன பல. இப்பெருக்கம் மகிழ்ச்சிக்குரியது. ஊரை விட்டுப் புறப்பட்டு உலகைக் காணும் வாய்ப்பு ஒரு காலத்தில் நிலவுடைமையாளருக்கும் பெரிய உத்தியோகத்தருக்குமே உரியதாயிருந்தது. அவ்வாய்ப்பு ஓரளவேனும் பரந்திருக்கின்றது என்பதற்கு இது சான்று. ஆயினும் ஓர் இலக்கிய வகை பெருகும்போது, அது எதைக் காண்கின்றது, எதைக் காணாமல் விடுகின்றது, யாருடைய கண்கொண்டு காண்கின்றது என்று கேட்பது விமர்சகனின் கடமையாகும். அக்கேள்விகளை எழுப்புவதற்கு வசதியான ஓர் இடத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். உல்லாசக் கப்பலில் மிகக் குறைந்த கட்டணத்திற்குக் கிடைக்கும், சாளரமே இல்லாத உள்ளறைதான் அது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களில் அது தரித்தது. 1990இல் பிரான்சு நாட்டின் சென் நசேர் கப்பற்றளத்தில் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயருடன் கட்டப்பட்டு, அமெரிக்கப் பயணிகளைக் கரிபியக் கடலில் சுமந்து திரிந்த பழைய கப்பல் அது. மேனாட்டுச் சந்தையில் இளமை கழிந்தபின், இந்திய நடுத்தர வகுப்பாரை நம்பி இக்கடலுக்கு வந்து சேர்ந்தது. அம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கப்பல் எதுவும் நமது மட்டக்களப்புக் கடலைத் தாண்டியே செல்லவேண்டும். பாலமீன்மடுவில் 1913 முதல் நிற்கும் வெளிச்சவீட்டையும், வாவியின் முகத்துவாரத்தையும், கல்லடியிலும் நாவலடியிலும் கரைவலை இழுக்கும் மக்களையும் கிழக்கே எங்கோ கடந்து அது போயிருக்கும். உள்ளறையில் இருந்தவர்கள் இவற்றில் எதையும் கண்டிருக்க முடியாது. கண்டிருக்கவேண்டுமென்று யாரும் எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

உள்ளறை என்பது யாது? கப்பலின் இரு பக்கங்களிலும் கடலை நோக்கிய அறைகள் வரிசையாக அமைகின்றன. அவ்வரிசைகளுக்கு இடையே, நடைவழிகளுக்கு உட்புறமாக எஞ்சும் இடத்தில் அமைவன உள்ளறைகள். பெரும்பாலும் நூற்றிருபது முதல் நூற்றெண்பது சதுர அடிவரை பரப்பு. இரண்டு கட்டில், சுவரில் மடித்துவைக்கக்கூடிய மேற்கட்டில் ஒன்றோ இரண்டோ, சிறு குளியலறை, ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு. விளக்கை அணைத்தால் நண்பகலும் நள்ளிரவும் ஒன்றே. இதே கப்பலில் பலகணி வைத்த அறைக்கு இதனிலும் கூடிய கட்டணம் உண்டு. ஆனால் உணவுச்சாலை, நீச்சற் குளம், நாடக அரங்கு, மேற்றளம் ஆகிய பொது இடங்களுள் பெரும்பாலானவற்றுக்கு எல்லாரும் செல்லலாம்.

இவ்வறையைப் பற்றி நமது பயணக் கட்டுரையாளர்கள் கூறும் வாசகம் ஏறக்குறைய ஒன்றே. அறை உறங்குவதற்குத்தானே, சாளரம் எதற்கு, பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு நாள் முழுவதும் மேற்றளத்தில் இருங்கள் என்பதே அது. இவ்வாசகத்தை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கின்றது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, குடும்பத்துடன் வாழ்வில் ஒரு முறையேனும் கடலில் மூன்று நாள் கழிக்க விரும்பும் ஆசிரியரோ எழுதுவினைஞரோ வேறு எந்த அறையை எடுக்க முடியும்? அவருக்கு அந்த அறிவுரை பயன்படத்தான் செய்கின்றது. குறை வேறிடத்தில் இருக்கின்றது. கட்டுரை அந்த அறிவுரையோடு முடிந்துவிடுகின்றது. கடலைக் காண்பது எப்பொழுது, எவ்வாறு, யாரால் விலைப்பொருளாக்கப்பட்டது என்ற கேள்வி அதன் மூளையில் உதிப்பதே இல்லை.

* * *

இக்கேள்விக்கு விடை வரலாற்றில் உண்டு. நமது மக்கள் கப்பலேறியது நேற்று அன்று. சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் அரை நூற்றாண்டுக்காலம் ஓடிய 'ரஜுலா' என்னும் கப்பலை மலாயா சென்ற குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை. பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனிக்காக 1926இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்ற அக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மேற்றளப் பயணிகளை ஏற்றுவதற்கு அனுமதி பெற்றிருந்தது. 1974இல் உடைக்கப்படும்வரை எத்தனை ஆயிரம் தமிழர் அதன் தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, வெயிலிலும் மழையிலும் வங்கக் கடலைக் கடந்தனர்! 'டெக் பாசஞ்சர்' என்ற சொல் அக்காலத்தில் ஏழைக்கு மறுபெயர். கதவும் சாளரமும் திரைச்சீலையும் கொண்ட அறை துரைமாருக்கும் செல்வர்க்கும் உரியது.

இங்கே ஒரு தலைகீழ் மாற்றத்தைக் காண்கின்றோம். அன்றைய ஏழைப் பயணிக்கு வானமும் கடலும் இலவசமாகக் கிடைத்தன; கட்டில் கிடைக்கவில்லை. இன்றைய சிக்கனப் பயணிக்குக் கட்டில் கிடைக்கின்றது. வானமும் கடலும் கிடைக்கவில்லை. கடலின் இயல்பு மாறிவிட்டதா? இல்லை. கப்பலின் நோக்கம் மாறிவிட்டது. 'ரஜுலா' மனிதரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சென்றது. கடல் அதற்கு ஒரு தடை, கடந்து தீரவேண்டிய தூரம். விமானம் அந்தத் தொழிலைக் கைப்பற்றிய பின்னர், கப்பல் வேறொரு பொருளை விற்கத் தொடங்கியது. இலக்கு முக்கியமன்று என்றான நிலையில் விற்பனைக்கு எஞ்சியவை கடலின் காட்சியும் கப்பலினுள் கிடைக்கும் இன்பங்களுமே. 1984இல் நீரில் இறங்கிப் பயணத்தைத் தொடங்கிய 'ரோயல் பிரின்ஸஸ்' என்ற கப்பல், பயணிகளின் அறைகள் யாவும் வெளிப்புறம் நோக்கியவை என்பதைத் தன் பெருமையாக விளம்பரப்படுத்தியது. அதன் பின்னர் வந்த பெருங்கப்பல்களில் பலகணிகள் தேன்கூட்டின் அறைகளைப்போல் அடுக்கடுக்காக எழுந்தன. கடலைக் காணும் உரிமைக்கு அளவும் விலையும் குறிக்கப்பட்டன. கப்பல் அகன்று பெருத்தபோது அதன் நடுவில் வெளிச்சம் புகாத இடமும் பெருத்தது. அவ்விடத்தையும் காசாக்கும் வழியே உள்ளறை.

அம்மட்டோடு வணிகம் நிற்கவில்லை. 2011இல் 'டிஸ்னி டிரீம்' என்ற கப்பலில் உள்ளறைகளின் சுவரில் வட்ட வடிவமான போலிச் சாளரங்கள் பொருத்தப்பட்டன. வெளியே உள்ள ஒளிப்படக் கருவி காணும் கடலை அவை திரையில் காட்டின. இடையிடையே கேலிச்சித்திரப் பாத்திரங்களும் அதில் நீந்தி வந்தன. 2014இல் ரோயல் கரிபியன் கம்பனி தரையிலிருந்து கூரைவரை உயர்ந்த திரைகளை உள்ளறைகளில் அமைத்து, அவற்றுக்குப் போலிப் பலகணி என்ற பொருள்படப் பெயரும் சூட்டியது. சில அடிகளுக்கு அப்பால் கடல் அலைபுரண்டு கொண்டிருக்கின்றது. அதன் நிழலுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப்படுகின்றது. இதைவிடத் தெளிவாக ஒரு பொருளாதார அமைப்பு தன்னைப் பற்றித் தானே வாக்குமூலம் தர முடியுமா?

மட்டக்களப்பு வாசகனுக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. 2009இல் யுத்தம் முடிந்தபின் பாசிக்குடாவில் எழுந்த விடுதிகளை எண்ணிப் பார்க்கலாம். ஆழமற்ற அமைதியான அக்கடலில் தோணி தள்ளியவனுக்கும், வார இறுதியில் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிச் சென்ற ஏறாவூர், வாழைச்சேனைக் குடும்பங்களுக்கும் கடற்காட்சி என்றொரு தனிப்பொருள் இருந்ததில்லை, கடல்தான் இருந்தது. இன்று அதே கரையில் கடலை நோக்கிய அறை, தோட்டத்தை நோக்கிய அறை எனக் கட்டணம் பிரிந்து நிற்கின்றது. கப்பலின் உள்ளறையும் பாசிக்குடாவின் பின்வரிசை அறையும் ஒரே தருக்கத்தின் இரு கிளைகள். இத்தொடர்பை எடுத்துரைக்காத பயணக் கட்டுரை விடுதிகளுக்கான விளம்பரத் துண்டுக்கு மிக அணுக்கமானது.

* * *

உலக இலக்கியம் உல்லாசக் கப்பலைக் கண்ட விதத்தை இவ்விடத்தில் ஒப்பு நோக்குதல் தகும். ரஷ்ய எழுத்தாளர் இவான் புனின் 1915இல் எழுதிய 'சான்பிரான்சிஸ்கோ கனவான்' என்ற கதையை எடுத்துக்கொள்வோம். வாழ்நாள் முழுவதும் பொருள் திரட்டிய அமெரிக்கச் செல்வர் ஒருவர், இனி வாழ்ந்து பார்க்கலாம் என்று குடும்பத்துடன் கப்பலேறுகின்றார். மேலே நடனமும் விருந்தும். அடியில் உலைக்களத்தின் வாயில் கரி அள்ளிப் போடும் உழைப்பாளிகள். நடனத்தில் எல்லார் கண்ணையும் கவரும் காதலர் இணை ஒன்று, காதலிப்பதாக நடிப்பதற்குக் கம்பனியிடம் கூலி பெற்றவர்கள். கனவான் காப்ரித் தீவில் திடீரென மாண்டுபோகின்றார். சென்ற கப்பலிலேயே, இம்முறை அடித்தளத்து இருளில், பெட்டியில் அடைபட்டுத் திரும்புகின்றார். மேலே நடனம் தொடர்கின்றது. புனின் பொதுவுடைமையாளர் அல்லர்; ரஷ்யப் புரட்சியை வெறுத்து நாட்டைவிட்டு வெளியேறியவர். இருந்தும் கப்பலை மேலிருந்து கீழ்வரை முழுமையாகக் கண்டமையால் அவரது கதை அவரது அரசியலையும் மீறி உண்மையைப் பேசுகின்றது. யதார்த்தத்தின் வலிமை அதுவே.

ஏழு ஆண்டுகளின் பின் அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீல் 'மயிர்க் குரங்கு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாடகத்தை எழுதினார். உருக்கு முதலாளியின் மகள் பொழுதுபோக்காக உலைக்களத்தைப் பார்வையிடக் கீழே இறங்குகின்றாள். கரியும் வியர்வையுமாக நிற்கும் யாங் என்ற தொழிலாளியைக் கண்டு அஞ்சி மயங்குகின்றாள். அதுவரை கப்பலை இயக்குபவன் தானே என்று நிமிர்ந்து நின்றவன், அவளுடைய பார்வையில் தான் மனிதனாகவே தெரியவில்லை என்பதை உணர்ந்து நிலைகுலைகின்றான். ஒரு கப்பலின் மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையே உள்ள உறவு ஒரு கணப் பார்வையில் வெடிப்பதை இந்நாடகம் காட்டுகின்றது.

1996இல் டேவிட் பொஸ்டர் வாலஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 'ஹார்ப்பர்ஸ்' சஞ்சிகையில் உல்லாசக் கப்பற் பயணம் பற்றி நீண்ட கட்டுரையொன்று வெளியிட்டார். கப்பல் தன் பயணியைத் தாலாட்டிக் குழந்தையாக்கி, ஆசையைத் தீர்ப்பதாக வாக்களித்து மேலும் ஆசையை வளர்ப்பதை இதனினும் கூர்மையாக எழுதியவர் அரிது. ஊழியரின் கட்டாயப் புன்னகையையும் அவர் காணத் தவறவில்லை. எனினும் அக்கட்டுரையின் நடுவில் இருப்பது பயணியின் மனம். அதன் சலிப்பும் அச்சமும் வெறுமையும் பக்கம் பக்கமாக விரிகின்றன. ஊழியரின் வாழ்வு பயணியின் மனச்சான்றை உறுத்தும் அளவுக்கே இடம்பெறுகின்றது. புனினிடமிருந்து வாலஸிடம் வரும்போது அவதானிப்பு நுணுகியிருக்கின்றது, பரப்பு சுருங்கியிருக்கின்றது. இச்சுருக்கம் தனிமனிதர் ஒருவரின் குறையன்று. நுகர்வோன் ஒருவனாகத் தவிர வேறு வகையில் தன்னைக் காண இயலாத ஒரு சமுதாயத்தின் குறை அது.

நம்மவரிடம் திரும்புவோம். ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940இல் வெளிவந்தது. 1937இல் நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் இருந்தபோதுதான் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை ஆக்கவேண்டுமென்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது என்பர். கடற்பயணம் அவரைத் தமக்குள்ளே சுருங்கவிடாமல் ஒரு மக்கட் பணிக்குத் தூண்டியது. எளிய சொற்களில், தம்மை முன்னிறுத்தாமல், தமிழர் குடியேறிய நாடுகளைத் தேடிச்சென்று எழுதியவர் அவர். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடக்கும் தொங்கானும் அதில் சிக்குண்ட மனிதரும் அந்நாவலில் உயிர்பெறுகின்றனர். இவ்விருவரும் நமக்கு முன்னோடிகளாக இருக்க, இன்றைய கட்டுரையாளர் கப்பலில் எத்தனை வகை இனிப்புப் பரிமாறப்பட்டது என்று எண்ணிக்கொண்டிருப்பது மரபை மறந்தமையின் விளைவே.

* * *

இங்கே நம்மவருள் சிலர் வேறொரு தவறான முடிவுக்கு வரக்கூடும். உல்லாசக் கப்பலே முதலாளித்துவச் சீரழிவு. அதில் ஏறும் ஆசிரியர் தம் வர்க்கத்தை மறந்தவர். அவரைப் பற்றி எழுதுவதும் வீண் என்று ஒரே வீச்சில் தள்ளிவிடும் போக்கு அது. அது முற்போக்கு விமர்சனமாகாது. துறவிகளின் நீதிபோதனைக்குச் சிவப்புச் சாயம் பூசியது போன்றதே. ஓய்வு உழைப்பாளியின் உரிமை. போல் லபார்க் 1880இலேயே சோம்பியிருக்கும் உரிமைக்காக நூல் எழுதினார். பிரான்சில் 1936ஆம் ஆண்டு மக்கள் முன்னணி ஆட்சியில், தொழிலாளர் ஆலைகளைக் கைப்பற்றி நடத்திய பெரும் வேலைநிறுத்தங்களின் பயனாகச் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. கடலையே கண்டிராத குடும்பங்கள் அக்கோடையில் கடற்கரைகளுக்குச் சென்றன. தோட்டத்திலும் ஆலையிலும் வகுப்பறையிலும் உழைப்பவனுக்குக் கடலும் காற்றும் இசையும் உரியன என்று கூறாத இயக்கம் மக்கள் இயக்கமாகாது.

அப்படியானால் எல்லாருக்கும் சாளரம் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இதற்கும் வரலாறு ஒரு கசப்பான பாடம் வைத்திருக்கின்றது. 1937இல் ஜெர்மனியில் 'வில்ஹெல்ம் குஸ்ட்லோப்' என்ற உல்லாசக் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அதில் முதலாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. பயணிகளின் அறைகள் அனைத்தும் கடலை நோக்கியவை. சாதாரணத் தொழிலாளரும் எழுதுவினைஞரும் குறைந்த செலவில் அதில் பயணம் செய்தனர். மேலோட்டமாகப் பார்த்தால் நமது கனவின் நிறைவேற்றம் போலத் தோன்றும். ஆனால் அதைக் கட்டியவர்கள் நாஜிகள். 1933ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றி, தலைவர்களைச் சிறையிலடைத்து, சங்கங்களின் சொத்துக்களைப் பறித்த ஆட்சியின் 'மகிழ்ச்சியின் மூலம் வலிமை' என்ற அமைப்பே அக்கப்பலை ஓட்டியது. சங்கத்தைப் பறித்துச் சாளரத்தைக் கொடுத்தார்கள். யுத்தம் வந்தது, 1945 ஜனவரி 30ஆம் திகதி ஆயிரக்கணக்கான அகதிகளுடன் அக்கப்பல் பால்டிக் கடலில் மூழ்கியது. மேலிருந்து அருளப்படும் சமத்துவம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது சான்றாகக் கடலடியில் கிடக்கின்றது. ஆகவே சாளரத்தின் எண்ணிக்கையை வைத்து ஒரு கப்பலை மதிப்பிட முடியாது. அதில் உழைப்பவனுக்கும் பயணம் செய்பவனுக்கும் தம் நிலைமையைக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கின்றதா என்பதையும் சேர்த்தே மதிப்பிடவேண்டும்.

* * *

இக்கேள்வியோடு உள்ளறைக்குக் கீழே செல்வோம். உள்ளறையைக் கப்பலின் கடைசிப்படி என்று கட்டுரையாளர் எண்ணுகின்றார். அதற்கும் கீழே ஒரு படி உண்டு. சமையலறையிலும் சலவைச்சாலையிலும் இயந்திர அறையிலும் உணவு மேசைகளிலும் உழைப்போரின் உறைவிடம் அது. பயணி மூன்று நாளோ ஒரு வாரமோ சாளரமின்றி உறங்குகின்றான். ஊழியன் ஆறு முதல் ஒன்பது மாதம்வரை நீளும் ஒப்பந்தக் காலம் முழுவதும், பெரும்பாலும் மற்றொருவருடன் பகிர்ந்துகொள்ளும் சிற்றறையில் அவ்வாறே உறங்குகின்றான். 2006இல் நிறைவேறி 2013 ஓகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் சமவாயம் கடலுழைப்பாளியின் உரிமைச் சாசனம் எனப் போற்றப்படுகின்றது. அது ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அச்சாசனமே பயணிக் கப்பல்களுக்கு விலக்களித்து, ஒளியும் காற்றோட்டமும் தக்கவாறு அமைக்கப்பட்டால் ஊழியரின் உறங்கும் அறைகள் கப்பலின் நீர்மட்டக் கோட்டிற்குக் கீழே அமையலாம் என்று அனுமதிக்கின்றது. அதாவது கடல் அவன் தலைக்கு மேலே இருக்கலாம்.

வேலை நேரத்தைப் பற்றிய விதி மாணவர்க்கு ஒரு நல்ல கணக்கு. அச்சமவாயத்தின்படி ஒரு நாடு இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஏழு நாளில் 72 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்பது ஒரு வழி. ஏழு நாளில் 77 மணிக்குக் குறையாத ஓய்வு அளிக்கவேண்டும் என்பது மற்றொரு வழி. ஒரு வாரத்தில் 168 மணிகள். இரண்டாம் வழியின்படி 91 மணிநேரம் வேலை வாங்குவதும் சட்டத்துக்கு உட்பட்டதே. எட்டுமணி வேலைநாளுக்காகச் சிகாகோ நகரில் 1886இல் இரத்தம் சிந்தப்பட்டது. அந்த எட்டுமணி நேரம் கடலில் இன்னும் கரையேறவில்லை. கப்பல் எந்த நாட்டில் பதிவாகின்றதோ அந்நாட்டின் சட்டமே அதில் பெரும்பாலும் செல்லும். கம்பனிகள் பனாமாவின் கொடியையும் பகாமாஸின் கொடியையும் விரும்பி ஏற்றுவது அக்கொடிகளின் வண்ண அழகுக்காக அல்ல.

2020இல் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு கப்பலில் வெளிச்சத்துக்கு வந்தது. 'டயமண்ட் பிரின்ஸஸ்' என்ற கப்பல் கொரோனாத் தொற்றுக் காரணமாக அவ்வாண்டு பெப்ரவரியில் ஜப்பானின் யொக்கஹாமாத் துறையில் தனிமைப்படுத்தப்பட்டது. அதில் இருந்தோர் 3,711 பேர். அவர்களுள் ஊழியர் 1,045 பேர். பயணிகள் அறைகளில் அடைக்கப்பட்டனர். சாளரமற்ற உள்ளறையில் இருந்தவர்களின் துயரம் உணரப்பட்டு, அவர்கள் முறை வைத்துச் சிறிது நேரம் மேற்றளத்தில் காற்று வாங்க அழைத்துச் செல்லப்பட்டனர். உலகப் பத்திரிகைகள் அவர்களுக்காக இரங்கின, இரங்கியது சரியே. அவர்களுக்கு மூன்று வேளையும் உணவு கொண்டுபோய்க் கதவைத் தட்டியவர் யார்? ஒருவரோடொருவர் அறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொண்டு, தனிமைப்படுத்தப்படாமலே வேலை செய்த ஊழியர்களே. அவர்களுள் 132 பேர் இந்தியர். கப்பலில் 712 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. தனிமைப்படுத்தல் என்ற பாதுகாப்பு பயணிகளுக்குக் கிடைத்தது. ஊழியரின் உழைப்பே அப்பாதுகாப்பின் அடித்தளமாயிருந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் 'எம்.எஸ்.சி. மக்னிபிக்கா' என்ற உல்லாசக் கப்பல் கொழும்புக் கடலுக்கு வந்தபோது, அதில் பணியாற்றிய இலங்கைச் சமையல் ஊழியர் ஒருவர் தம்மைச் சொந்த நாட்டில் இறக்கிவிடும்படி காணொளி மூலம் வேண்டுகோள் விடுத்தார். வேண்டுகோள் பரவியபின் அவர் கரைசேர்க்கப்பட்டார். தாய்நாட்டின் கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதில் கால்வைப்பதற்கு ஒருவன் உலகத்தைப் பார்த்து மன்றாட வேண்டியிருந்தது. நல்ல சிறுகதை ஆசிரியன் ஒருவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நமது பயணக் கட்டுரைகளில் இந்தச் சமையல்காரர் எங்கே? அவர் சமைத்த பண்டங்களின் பெயர்கள் மட்டுமே அங்கே காணப்படுகின்றன.

* * *

சாளரமற்ற கப்பலைத் தமிழன் அறியாதவனல்லன். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்ற 'இராமானுஜம்' கப்பல், 1984இல் அச்சேவை நிற்கும்வரை, தேயிலைக்கு உரமாகிப்போன தலைமுறைகளின் பிள்ளைகளை முன்பின் கண்டிராத 'தாயக'த்துக்குச் சுமந்து சென்றது. 2010 ஓகஸ்ட் மாதத்தில் 'சன் சீ' என்ற சரக்குக் கப்பல் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தபோது அதில் 492 தமிழர் இருந்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். பசிபிக் சமுத்திரத்தை அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கடந்தனர். கரைசேர்ந்ததும் தடுப்புக்காவல் அவர்களை வரவேற்றது. அதே கரையில் உல்லாசக் கப்பல்கள் வழமைபோல் வந்து போய்க்கொண்டிருந்தன. ஒரே கடல், ஒரே துறைப் பிரதேசம்; ஒரு கப்பலுக்கு இசைக்குழு, மற்றொரு கப்பலுக்குக் காவற்படை.

இக்கப்பல்களையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு உள்ளறையில் படுத்திருக்கும் ஒரு தமிழ் எழுத்தாளனைக் கற்பனை செய்வோம். விளக்கை அணைத்ததும் சூழும் இருள் அவனுக்கு வசதிக் குறைவாக மட்டும் தோன்றுமா? 'ரஜுலா'வின் தளத்தில் படுத்த பாட்டன், 'இராமானுஜ'த்தில் ஏற்றப்பட்ட தோட்டத் தொழிலாளி, 'சன் சீ'யின் வயிற்றில் கிடந்த இளைஞன், தன் அறைக்குக் கீழே நீர்மட்டத்துக்கு அடியில் உறங்கும் சலவைத் தொழிலாளி ஆகிய அனைவரோடும் தனக்குள்ள உறவை அவன் உணர்வானாயின், அந்த அறை ஓர் இலக்கியத்துக்குக் கருவாகும். உணராவிடில், கட்டணம் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கோடு கட்டுரை முடிந்துவிடும்.

உள்ளறைப் பயணியின் வர்க்க நிலையும் கவனத்துக்குரியது. மேலே பலகணி அறையினருடன் அவன் ஒரே மேசையில் உணவருந்துகின்றான். ஆகவே தான் அவர்களுள் ஒருவன் என்று எண்ணுகின்றான். கீழே உள்ள ஊழியன் அவனை ஐயா என்று அழைக்கின்றான். ஆகவே தான் அவனைச் சேர்ந்தவனல்லன் என்றும் எண்ணுகின்றான். இரவில் அறைக்குத் திரும்பும்போது அவனுக்கும் ஊழியனுக்கும் ஒரே சாளரமற்ற சுவர். மாதச் சம்பளக்கார நடுத்தர வகுப்பின் வாழ்வு முழுவதும் இந்த மயக்கத்திலேயே நடைபெறுகின்றது. பண்டிகை முற்பணத்திலும் கடனட்டையிலும் மேல்தட்டு வாழ்வின் சாயலை வாங்கிக்கொள்கின்றோம்; வேலை போனாலோ விலைவாசி உயர்ந்தாலோ எந்தத் தளத்தில் நிற்கின்றோம் என்பது தெரிந்துவிடுகின்றது. 2022இல் இந்நாட்டில் எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றபோது ஆசிரியரும் அலுவலரும் தோணிக்காரரும் ஒரே வரிசையில்தான் நின்றனர்.

ஆகவே பயணம் போகாதீர்கள் என்று நாம் எவருக்கும் கூறவில்லை. கடலில் மூன்று நாள் கழிக்க விரும்புவோர் கழிக்கட்டும். உள்ளறையே கைக்கு எட்டுமாயின் அதை எடுக்கட்டும். திரும்பி வந்து எழுதுவோருக்கே நமது வேண்டுகோள். நீங்கள் சென்ற கப்பலின் கொடி எந்த நாட்டினுடையது, உங்கள் கட்டிலை விரித்தவன் எந்த ஊரவன், எத்தனை மாதமாக அவன் தன் வீட்டைக் காணவில்லை, நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் அவன் நிற்கின்றான் என்பவற்றைக் கேட்டறிந்து எழுதுங்கள். அவன் விடை கூறத் தயங்கினால், அத்தயக்கத்தையும் எழுதுங்கள். கப்பல் கடந்து சென்ற கரைகளில் யார் வாழ்கின்றனர் என்பதை எழுதுங்கள். மட்டக்களப்புக் கடலில் உல்லாசக் கப்பல் தரிப்பதில்லை. நாளை தரிக்கவும் கூடும். அன்று முகத்துவாரத்தில் தோணி கட்டுபவனின் மகன் அக்கப்பலில் பலகணிப் பயணியாகவோ உள்ளறைப் பயணியாகவோ ஏறுவானா, அன்றி நீர்மட்டத்துக்குக் கீழே படுக்கை பெறுவானா என்பதைப் பொருளாதாரம் தீர்மானிக்கும். அதை முன்கூட்டியே கண்டு சொல்லும் கடமை இலக்கியத்துக்கு உண்டு. அக்கடமையை ஏற்கும் எழுத்தாளர்கள் நமது பாடசாலைகளிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் தோன்றவேண்டும்.